யார் பணம்? யார் பிள்ளை? யார் கடவுள்?

ஊருக்குப் பொதுவான கிணறு ஒன்று. அதனை வெட்டியவர் ஊரார். தூர் வாரியவர் ஊரார். செலவும் ஊரார் செலவு. அக்கிணற்றின் கயிற்றை ஒருவன் தன் குடத்தில் மட்டுமே கட்டி வைத்துக்கொண்டு, "விடாய் எடுத்தவர் யாரும் வரலாம், ஒருவரையும் தடுக்கவில்லை, என் குடத்தில் மொண்டு குடித்தாற் போதும்" என்பானாயின், ஊரார் அவனை என்ன கேட்பர்? "கிணறு யாருடையது?" என்றுதான் கேட்பர். அவ்வாறு கேட்டவர்களையே சுட்டி, "இவர்கள் விடாய்க்கு நீர் கொடுப்பதைத் தடுக்கிறார்கள்" என்று பழி தூற்றினால், அப்பழி எத்துணை நேர்மையற்றது!

கனடா நாட்டில், மானிட்டோபா மாநிலத்தின் தலைநகராகிய வின்னிப்பெக்கில், 2010-ஆம் ஆண்டு எழுந்த பூசல் இத்தகையதே. இளைஞர்க்கு ஒரு நடுவம் வேண்டும் என்பதில் அங்கு எவர்க்கும் மாறுபாடு இல்லை. அந்நடுவத்தை ஒரு சமயப் பரப்பு அமைப்பின் கையில் ஒப்படைத்து, அதற்கு ஊர்ப்பணத்தை அள்ளிக் கொடுக்கலாமா என்பதே வழக்கு. ஒரு தெருமுனையில் எழுந்த வழக்கே எனினும், அதன் வேர் நூறாண்டுக்கு மேலாக அம்மண்ணில் ஓடிக் கிடப்பது. அவ்வேரை அறியாதார்க்கு அவ்வழக்கு வீண்பூசலாகத் தோன்றும். அறிந்தார்க்கோ, தாய்மொழி இழந்த ஓரினத்தின் நெஞ்சக் குமுறலாகத் தோன்றும்.

நகரும் தெருவும்

செவ்வாறும் அசினிபோயின் ஆறும் கூடும் இடத்தில் அமைந்தது வின்னிப்பெக்கு. அப்பெயரே வெள்ளையர் இட்ட பெயரன்று. கலங்கல் நீர் எனப் பொருள்படும் கிரீ மொழிச் சொல்லினின்று வந்தது. மானிட்டோபா என்னும் மாநிலப் பெயரும் முதற்குடி மக்களின் மொழியினின்று பிறந்ததே. பெயர் அவர்களுடையது, மண் அவர்களுடையது, ஆட்சியும் செல்வமும் மட்டும் பிறருடையவை! கனடா நாட்டு நகரங்களுள் முதற்குடி மக்கள் மிகுதியாக வாழும் நகர் இதுவே. 2021-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, நகரும் அதன் சூழலும் சேர்ந்த பகுதியில் ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட முதற்குடியினரும் மெத்தீசு மக்களும் வாழ்கின்றனர்.

நகரின் நடுவே தொடர்வண்டிப் பாதை ஓடுகின்றது. அதற்கு வடக்கே உள்ளது வறியோர் வாழும் வடகோடி. அப்பாதையை ஒட்டி இக்கின்சுச் சாலையும் மெயின் தெருவும் கூடும் சதுக்கம் பாயிண்டு தக்கிளசு வட்டாரத்தைச் சேர்ந்தது. வேலையின்மையும், குடியும், கும்பற் சண்டையும் இளைஞரை விழுங்கும் பகுதி என்று செய்தித்தாள்கள் அதனைப் பற்றி எழுதுவது வழக்கம். அவை எழுத மறப்பது வேறொன்று. அதே சதுக்கத்தில்தான் முதற்குடி மக்களின் 'இடிப்புள் இல்லம்' 2000-ஆம் ஆண்டு எழுந்தது. முதற்குடி வழிவந்த கட்டடக் கலைஞர் தக்கிளசு கார்தினல் வரைந்த வடிவம் அது. முன்னோர் வழிச் சடங்குகள் நிகழும் இடம் அது. அருகில், கைவிடப்பட்ட பழைய தொடர்வண்டி நிலையக் கட்டடத்தை முதற்குடி அமைப்புகள் 1992-இல் தாமே வாங்கி, தம் மக்களின் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் உரிய நடுவமாக ஆக்கின. 'நம் இடம்' எனப் பொருள்படும் 'நீகினான்' என்னும் கிரீச் சொல்லை அம்முயற்சிக்குப் பெயராகச் சூட்டினர்.

இவையேயன்றி, 'ஒருவர்க்கொருவர் துணையாய் எல்லாரும் கூடி உழைப்போம்' எனப் பொருள்படும் ஓசிபுவே மொழிப் பெயர் தாங்கிய 'மா மாவி வி சி இத்தாத்தா' நடுவம் 1984 முதல் அந்நகரில் முதற்குடிக் குடும்பங்களுக்குத் தொண்டாற்றி வருகின்றது. எனவே, அவ்வட்டாரம் ஏதுமற்ற பாழ்நிலமன்று. வழிகாட்டுவார் இன்றித் தவித்த மக்களிடம் வெளியார் வந்து விளக்கேற்றினர் என்பது கட்டுக்கதை. ஏற்றிய விளக்குகள் அங்கே இருந்தன, எண்ணெய்தான் போதவில்லை!

திட்டமும் பூசலும்

அச்சதுக்கத்தில் இளைஞர்க்கென ஒரு பெருங்கட்டடம் எழுப்ப முன்வந்தது 'கிறித்துவுக்காக இளைஞர்' என்னும் அமைப்பு. 1940-களில் அமெரிக்காவில் தோன்றிய பரப்புரை இயக்கம் அது; பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பரப்புரையாளர் பில்லி கிரகாம் தொடக்கத்தில் அதன் முழுநேர ஊழியராக விளங்கினார். இளைஞரைக் கிறித்துவிடம் கொணர்தல் அதன் நோக்கம். இதனை அவர்கள் மறைத்ததில்லை. பெயரிலேயே எழுதி வைத்துள்ளனர். அந்நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

விளையாட்டரங்கு, உருள்பலகை ஆடுகளம், ஏறுசுவர், ஆடற்கூடம் என எல்லாம் அமைந்த கட்டடமாக அது எண்ணப்பட்டது. நடுவணரசும் நகரவையும் அதற்குப் பல இலக்கம் வெள்ளி கொடுக்க முன்வந்தன. 2010 பிப்பிரவரித் திங்களில் நகரவை வாக்கெடுத்து இசைவளித்தது. நகரத்தலைவர் சாம் காட்சு திட்டத்தைத் தாங்கிப் பேசினார். அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த பேட்டு மார்ட்டின் எதிர்த்தார். முதற்குடி அமைப்பினரும் அவ்வட்டார மக்களுள் பலரும், தம்மைக் கலந்து பேசாமலே தம் பிள்ளைகளின் வருங்காலம் முடிவு செய்யப்படுகின்றது என்று குமுறினர். பழைய உறைவிடப் பள்ளிகளின் நிழல் மீண்டும் தம்மேல் விழுவதாக அவர்கள் கூறினர்.

திட்டத்தைத் தாங்கியோர் கூற்றுகளை மறைத்துப் பேசுதல் அறமன்று. அவர்கள் சொன்னவை மூன்று. ஒன்று: இளைஞர் தெருவில் அழிகின்றனர், யார் கட்டினால் என்ன, கட்டடம் வந்தாற் போதும். இரண்டு: அமைப்பு தன் நன்கொடையாளரிடமிருந்தும் பெரும்பொருள் திரட்டுகின்றது, ஆகவே அரசுக்குக் குறைந்த செலவில் நிறைந்த பயன். மூன்று: எல்லாச் சமயத்தார்க்கும் வாயில் திறந்தே இருக்கும், எவர்மீதும் சமயம் திணிக்கப்படாது. கேட்பதற்கு இனிய சொற்கள்! ஆயினும், இதே சொற்களை முதற்குடி மக்கள் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கின்றனர். அம்முறை அவர்கள் கொடுத்த விலை என்ன?

தலைக்கு இவ்வளவு

1879-இல் நிக்கொலாசு தேவின் என்பார் கனடா அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். முதற்குடிப் பிள்ளைகளுக்கு உறைவிடத் தொழிற்பள்ளிகள் அமைத்து, அவற்றைத் திருச்சவைகளின் வாயிலாக நடத்தலாம் என்பது அதன் சாரம். 1883-இல் மேற்கு நிலப்பகுதியில் அத்தகைய மூன்று பள்ளிகளுக்கு அரசு இசைவு தந்தது. பணம் அரசினுடையது, கை திருச்சவையினுடையது, பிள்ளையோ முதற்குடித் தாயினுடையது!

அரசு இதனை ஏன் செய்தது? மிகக் குறைந்த செலவில் செய்து முடிக்கலாம் என்பதனால்! திருச்சவையினர் குறைந்த ஊதியத்திற்கு உழைப்பர், நன்கொடையும் திரட்டுவர், ஆகவே கருவூலத்திற்கு ஆதாயம். 2010-இல் வின்னிப்பெக்கில் ஒலித்த இரண்டாம் கூற்று இதுவேயன்றோ? 1890-களில் பிள்ளைத் தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் திருச்சவைகளுக்கு நல்கை வழங்கும் முறை நிலைபெற்றது. தலைக்கணக்குக் குறைந்தால் பணம் குறையும். எனவே பள்ளிகள் பிள்ளைகளைத் தேடி ஒன்றோடொன்று போட்டியிட்டன. நோயுற்ற பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டன. நெரிசலிலும் அரைப்பசியிலும் என்புருக்கி நோய் பரவிற்று. அரசின் மருத்துவ அலுவலரான பீட்டர் பிரைசு 1907-இல் இக்கொடுமையை ஆய்ந்து எழுதினார். அரசு செவி சாய்க்கவில்லை. ஓய்வுபெற்ற பின் 1922-இல் அவரே அதனை நாட்டளவான குற்றம் என்று நூல் எழுதி வெளியிட்டார். அப்பொழுதும் எதுவும் மாறவில்லை.

1920-இல், முதற்குடியினர்க்கான துறையின் தலைமை அலுவலர் தங்கன் கேம்பல் இசுக்காட்டு முன்னின்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தத்தைக் கொணர்ந்தார். நாட்டுக் குமுகாயத்திற் கரைந்துபோகாத முதற்குடியினர் ஒருவரும் எஞ்சாத நிலை வரும்வரை தம் பணி தொடரும் என்னும் கருத்தை அவர் ஒளிவுமறைவின்றி நாடாளுமன்றக் குழுவின்முன் எடுத்துரைத்தார். ஓரினத்தைக் கொல்ல வாளும் வேண்டா, தூக்குமரமும் வேண்டா. அதன் பிள்ளைகள் வாயினின்று அதன் மொழியைப் பிடுங்கினாற் போதும் என்று அறிந்திருந்தனர் அவ்வாட்சியாளர்!

பிடுங்கவும் செய்தனர். பள்ளிக்கு வந்த பிள்ளையின் நீண்ட கூந்தல் வெட்டப்பட்டது. பெயர் மாற்றப்பட்டது, பல இடங்களில் பெயருக்கு மாறாக எண் வழங்கப்பட்டது. அண்ணனும் தங்கையும் ஒரே வளாகத்தில் இருந்தும் பேசிக்கொள்ள முடியாதபடி பிரிக்கப்பட்டனர். கிரீ மொழியோ ஓசிபுவே மொழியோ வாயில் வந்தால் ஒறுப்பு. தாயின் மொழி இழிவு, முன்னோர் வழிபாடு பேய்வழிபாடு என்று நாள்தோறும் ஓதப்பட்டது. பள்ளியை விட்டுப் பத்தாண்டு கழித்து ஊர் திரும்பிய மகனுக்குத் தாய் பேசுவது விளங்கவில்லை. தாய்க்கு மகன் பேசுவது விளங்கவில்லை. ஒரே குடிசையில் தாயும் மகனும் ஊமையராய் அமர்ந்திருந்த அந்நிலையினும் கொடிய நிலை எவ்வினத்திற்கேனும் உண்டோ?

அரசு ஏற்புப் பெற்ற இத்தகைய பள்ளிகள் 139 எனப் பின்னர்க் கணக்கிடப்பட்டது. அவற்றின் வழி ஏறத்தாழ ஒன்றரை இலக்கம் பிள்ளைகள் சென்றனர். வின்னிப்பெக்கு நகருக்குள்ளேயே அசினிபோயா என்னும் உறைவிடப் பள்ளி 1958 முதல் 1973 வரை நடந்தது. திருச்சவைகளுடன் கொண்ட கூட்டினை அரசு 1969-இல் தான் முடித்துக்கொண்டது. கடைசிப் பள்ளிகள் 1990-களின் பிற்பகுதியிலேதான் மூடப்பட்டன. ஆகவே, 2010-இல் நகரவை வாக்கெடுத்தபொழுது, அப்பள்ளிகளில் படித்தவர்கள் வரலாற்று ஏட்டில் அல்லர், அதே தெருவில் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்காகத்தான் மீண்டும் அரசு பணம் கொடுத்தது. மீண்டும் ஒரு சமய அமைப்பு கை நீட்டியது!

நாள்களைப் பொருத்திப் பார்க்க வேண்டும். 2008 சூன் 11-ஆம் நாள் தலைமையமைச்சர் இசுட்டீபன் ஆர்ப்பர் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, உறைவிடப் பள்ளிக் கொடுமைக்காக முதற்குடி மக்களிடம் பொறுத்தருள வேண்டினார். உண்மை, ஒப்புரவு ஆணையம் அமைந்தது. அதன் தலைமையிடம் வின்னிப்பெக்கே. அவ்வாணையத்தின் முதல் நாடளாவிய நிகழ்ச்சி 2010 சூன் திங்களில் அதே நகரின் ஆற்றுக்கூடலில் நடந்தது. அதற்கு நான்கு திங்களுக்கு முன்புதான் நகரவை இந்நல்கைக்கு இசைவளித்தது. ஒரு கையால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே மறுகையால் பழைய முறிச்சீட்டில் கையொப்பம் இடுவதை என்னென்பது!

உறைவிடப் பள்ளியும் விளையாட்டு நடுவமும் ஒன்றல்ல. முன்னதிற் கட்டாயம் இருந்தது; பின்னதில் இல்லை. முன்னதில் தாயிடமிருந்து பிள்ளை பறிக்கப்பட்டது. பின்னதில் பிள்ளை மாலையில் வீடு திரும்பும். இவ்வேறுபாட்டை மறுப்பார் உண்மையை மறுப்பார். ஆயினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: அரசு தன் கடமையைத் தான் செய்யாது, குறைந்த செலவு எனும் கரணியம் காட்டி, பிறர் பிள்ளைகளைத் தன் வழிக்குக் கொணரும் நோக்கம் உடைய ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கின்றது, பிள்ளையைப் பெற்றவர் கருத்தைக் கேளாதே ஒப்படைக்கின்றது. புண்பட்ட இடத்தில் மெல்லத் தொட்டாலும் வலிக்கும். "மெல்லத்தானே தொட்டேன்" என்பது தொட்டவன் சொல். வலி, பட்டவனுக்கே தெரியும்.

1890 சொல்லும் பாடம்

பொதுப்பணமும் சமயமும் பற்றிய வழக்கு மானிட்டோபாவுக்குப் புதிதன்று. கத்தோலிக்கர்க்கும் சீர்திருத்தக் கிறித்தவர்க்கும் தனித்தனிப் பள்ளிகள் அங்கே பொதுப்பணத்தில் நடந்துவந்தன. 1890-இல் அம்மாநில அரசு அம்முறையை ஒழித்தது. பொதுப்பணம் சமயச் சார்பற்ற பொதுப்பள்ளிக்கே என்று சட்டம் செய்தது. அதே ஆண்டில் பிரஞ்சு மொழியின் ஆட்சியுரிமையையும் பறித்தது. நாடே அதிர்ந்த வழக்கு அது. ஒரு பொதுத்தேர்தலின் போக்கையே அது ஆட்டிவைத்தது. மொழியுரிமையைப் பறித்த அச்சட்டம் செல்லாதென உச்ச அறமன்றம் 1979-இல், ஏறத்தாழ தொண்ணூறாண்டு கழித்து, தீர்ப்பளித்தது.

இங்கே ஓர் இரட்டை அளவுகோல் தெற்றென விளங்குகின்றது. வெள்ளையரின் பிள்ளைகளுக்கு ஒரு திருச்சவையின் கல்வியைப் பொதுப்பணத்தில் ஊட்டுதல் தகாது என்று மாநில அரசு சட்டம் செய்த அதே காலத்தில்தான், முதற்குடிப் பிள்ளைகளைத் தலைக்கு இவ்வளவு என்று திருச்சவைகளிடம் நடுவணரசு ஒப்படைத்துக்கொண்டிருந்தது! ஆட்சிகள் இரண்டாயினும் மண் ஒன்றே, காலம் ஒன்றே. தம் பிள்ளைக்கு ஒரு முறை. பிறன் பிள்ளைக்கு வேறு முறை. வலியவன் வீட்டு வாயிலில் நின்று இசைவு கேட்கும் அரசு, எளியவன் வீட்டுக்குள் கேளாமலே நுழையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

2010-ஆம் ஆண்டு வழக்கிலும் இவ்வுரைகல்லையே இட்டுப் பார்த்தல் தகும். நகரின் தென்பகுதியில், செல்வர் வாழும் தெருமுனையில், தம் சமயமல்லாத பிறிதொரு சமயத்தைப் பரப்பும் நோக்குடைய நடுவம் ஒன்றைப் பொதுப்பணத்தில் எழுப்ப முனைந்திருந்தால், அங்குள்ள பெற்றோரை நகரவை கலந்து பேசாமல் விட்டிருக்குமா? அவர்தம் எதிர்ப்பை, 'இளைஞர் நலத்திற்கு இடையூறு' என்று சொல்லத் துணிந்திருக்குமா? விடை எவர்க்கும் தெரியும்.

'கட்டாயம் இல்லை' எனும் சொல்

திட்டத்தினர் கூற்றுகளுள் வலிமை உடையது, கட்டாயம் இல்லை என்பதே. அதனை ஆய்ந்து பார்க்க வேண்டும். கட்டாயம் என்பது கோல்கொண்டு அடித்தல் மட்டுமன்று. வட்டாரத்தில் மேலான விளையாட்டரங்கு ஒன்றே ஒன்று, குளிர்காலத்தில் கடுங்குளிர் வாட்டும் ஊர், வீட்டில் வறுமை, தெருவில் கும்பல். அந்நிலையில் ஒரு சிறுவன் முன் திறந்திருக்கும் ஒரே கதவு ஒரு சமய அமைப்பின் கதவாயிருந்தால், அவன் 'தானே விரும்பி' நுழைந்தான் என்பது எத்தகைய விருப்பம்? பசித்தவன் முன்னே ஒரே ஒரு தட்டினை வைத்துவிட்டு, அவன் அதனைத் தேர்ந்தெடுத்தான் என்று சொல்லலாமோ?

மேலும், சிறுவர் உள்ளம் பாடநூலால் மட்டும் உருவாவதன்று. பந்து எடுத்துத் தந்தவன், தோள்மேல் கைபோட்டுப் பேசியவன், துயருற்றபொழுது அருகிருந்தவன் எதனை நம்புகின்றானோ அதனையே சிறுவனும் நம்பத் தலைப்படுவான். இது பரப்புரையாளர்க்கு நன்கு தெரியும். தெரிந்ததனாற்றான் இளைஞர் நடுவம் கட்டுகின்றனர். அவர்கள் நோக்கிற் பிழையில்லை. தம் கடவுளைத் தாம் போற்றவும் பிறர்க்கு எடுத்துரைக்கவும் அவர்க்கு முழு உரிமை உண்டு. 1982-ஆம் ஆண்டுக் கனடிய உரிமைப் பட்டயம் உளச்சான்று உரிமையையும் சமய உரிமையையும் அனைவர்க்கும் உறுதி செய்துள்ளது. ஆனால் உரைக்கும் உரிமை வேறு; உரைப்பதற்கான மேடையைப் பிறர் பணத்திற் கட்டித் தரச்செய்யும் உரிமை வேறு. முன்னதை எவரும் பறித்தல் ஆகாது. பின்னது எவர்க்கும் இல்லை.

எதிர்த்தவர்களைக் கிறித்தவப் பகைவர் என்றும் சிலர் தூற்றலாம். அத்தூற்றல் பொய். முதற்குடி மக்களுள்ளேயே கிறித்தவத்தைத் தழுவி வாழ்வோர் பல்லாயிரவர். வழக்கு கிறித்துவைப் பற்றியதன்று, கருவூலத்தைப் பற்றியது. கிறித்தவ அமைப்பின் இடத்தில் வேறு எச்சமய அமைப்பை வைத்துப் பார்ப்பினும் முடிவு மாறாது. தன் சமயத்திற்குக் கிடைத்தால் நல்கை, பிறன் சமயத்திற்குக் கிடைத்தால் கொள்ளை என்று பேசுவோன் கொள்கை பேசுவோன் அல்லன், பங்கு கேட்போன்.

செய்திருக்க வேண்டியது

தடுப்பது மட்டும் தொண்டாகாது. வழியும் காட்ட வேண்டும். அவ்வட்டார இளைஞர்க்கு நடுவம் வேண்டும் என்பது உண்மை. அவ்வாறாயின் நகரவை செய்திருக்க வேண்டியவை எவை?

முதலாவது, யாருடைய பிள்ளைகளுக்காகக் கட்டடமோ அவர்களிடம் முதலிற் கேட்டிருக்க வேண்டும். கேட்பது என்பது முடிவெடுத்த பின் செய்தி அறிவிப்பதன்று. முடிவு எடுக்குமுன் உடன் அமர்வது.

இரண்டாவது, பணம் இவ்வளவு உள்ளது, இன்ன பணிக்கு உரியது என்று வெளிப்படையாய் அறிவித்து, பல்லாண்டாக அம்மண்ணில் உழைக்கும் முதற்குடி அமைப்புகளும் பிறரும் போட்டியிட வழி செய்திருக்க வேண்டும். எண்ணெய் இன்றி மங்கும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றாது, பக்கத்தில் வேறு விளக்கு நாட்டுவது என்ன முறை?

மூன்றாவது, பொதுப்பணத்தில் எழும் கட்டடம் பொதுவுடைமையாகவே இருத்தல் வேண்டும். அதில் எச்சமயத்தாரும் தம் கூட்டத்தை இடவாடகை கொடுத்து நடத்திக்கொள்ளலாம். எச்சமயத்தாரும் அதன் உரிமையாளர் ஆகக்கூடாது.

நான்காவது, அங்கே கிரீ மொழிக்கும் ஓசிபுவே மொழிக்கும் உரிய இடம் இருத்தல் வேண்டும். நூறாண்டு அடித்துப் பிடுங்கியதில் ஒரு பங்கையேனும் திருப்பிக் கொடுக்கும் கடன் அரசுக்கு உண்டு. உருள்பலகையும் ஏறுசுவரும் உடலுக்கு உரம். முதியோர் வாய்மொழியோ இனத்திற்கு உயிர். பாட்டியின் சொல் பேரனுக்கு விளங்கும் ஒரு மாலைப்பொழுதை அமைத்துத் தந்திருப்பின், அதுவே தலைமையமைச்சரின் வேண்டுகோளினும் பெரிய கழுவாயாக இருந்திருக்கும்!

இவற்றுள் எதுவும் நடவாத ஒன்றன்று. செய்ய மனமிருந்தால் செய்யத்தக்கவையே. ஆனால் அரசுகள் என்றும் எளிய வழியைத் தேடுகின்றன. ஆயத்தமாய் நிற்கும் செல்வ அமைப்பிடம் பணத்தைக் கொடுத்து நாடா வெட்டுவது எளிது. நலிந்த மக்களோடு அமர்ந்து திட்டம் தீட்டுவது அரிது.

பின் வந்தவை

கட்டடம் எழுந்தது. அங்கே சென்று விளையாடிய பிள்ளைகள் உண்டு, பயன்பெற்றோரும் உண்டு, அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் காலம் யார் பக்கம் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

2015 ஏப்பிரல் திங்களில், கியூபெக்கு மாநிலத்துச் சாகனே நகரவை தன் கூட்டத்தை இறைவேண்டலுடன் தொடங்கியது பற்றிய வழக்கில் கனடா உச்ச அறமன்றம் தீர்ப்பு வழங்கியது. அரசு, சமயங்களுக்கிடையே நடுநிலை வழுவலாகாது. ஒரு நம்பிக்கையை உயர்த்தியோ தாழ்த்தியோ நடத்தல் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்வாண்டின் இறுதியில் நடுவர் மரே சிங்கிளேர் தலைமையிலான உண்மை, ஒப்புரவு ஆணையம் தன் முழு அறிக்கையை வெளியிட்டது. நடந்தது பண்பாட்டு இனக்கொலை என்று அது பெயரிட்டுச் சொன்னது. 94 பரிந்துரைகளை முன்வைத்தது. மொழி மீட்பு அவற்றுள் தலையாயது. 2019 சூன் திங்களில் முதற்குடி மொழிகள் சட்டம் நிறைவேறியது. 2022 சூலைத் திங்களில் போப்பு பிரான்சிசு ஆல்பர்ட்டா மாநிலத்து மண்ணில் நின்று, கத்தோலிக்கர் பலர் செய்த தீங்குக்காகப் பொறுத்தருள வேண்டினார்.

இவ்வளவும் எதனைக் காட்டுகின்றன? 2010-இல் வின்னிப்பெக்குத் தெருமுனையில் நின்று எதிர்த்த எளிய மக்கள் வீண்பூசல் விளைத்தவர் அல்லர். நாடு பின்னால் ஒப்புக்கொள்ளவிருந்த உண்மையை முன்னால் உரைத்தவர் என்பதையே காட்டுகின்றன. மேலும் ஒரு கணக்கு உண்டு. பிள்ளைகளின் மொழியைப் பிடுங்க அன்று கொடுத்ததும் மக்கள் பணம். பாழ்பட்ட வாழ்க்கைக்கு ஈடாக 2007-க்குப் பின் உடன்படிக்கைப்படி வழங்கிய பல நூறு கோடி வெள்ளியில் மிகப் பெரும்பங்கும் மக்கள் பணமே. 'குறைந்த செலவு' என்று தொடங்கியதன் முடிவு இது! பணம் ஒருவாறு திரும்பியது, மொழியோ திரும்பவில்லை. எழுபதுக்கு மேற்பட்ட முதற்குடி மொழிகளுள் பெரும்பாலானவை இன்று அழிவின் விளிம்பில் தத்தளிக்கின்றன. சில மொழிகளைப் பேசுவோர் விரல்விட்டு எண்ணத்தக்க முதியவர் மட்டுமே.

தாய்மொழியை வாயிலிலேயே நிறுத்திவைக்கும் பள்ளியின் கொடுமை தமிழர்க்குப் புதிதன்று. அன்பான முகத்தோடும், இலவயப் பொத்தகத்தோடும், விளையாட்டுப் பந்தோடும் அது வரும் என்பதும் புதிதன்று. ஆதலின், தொலைவில் உள்ள ஒரு நகரத்தின் தெருமுனை வழக்கென இதனைக் கடந்து செல்லலாகாது. எங்கெங்கு அரசு தன் கடமையைக் கைகழுவி, வேறு நோக்கம் உடையார் கையில் எளியோர் பிள்ளைகளை ஒப்படைக்கின்றதோ, அங்கங்கு எழ வேண்டிய வினா ஒன்றே. அவ்வினாவை வின்னிப்பெக்கு மக்கள் கேட்டனர்.

பணம் ஊராருடையதாயின் கட்டடமும் ஊராருடையதாகுக. பிள்ளை தாயினுடையதாயின் தாயைக் கேட்டே திட்டம் தீட்டுக. கடவுள் அவரவர் நெஞ்சத்தினராயின் அவரவர் நெஞ்சத்திலேயே இருக்க. கருவூலச் சாவியை அவர் கையிற் கொடுத்து அவரை இழிவுபடுத்தாதிருக்க. இம்மூன்றும் மறந்த அரசு எத்துணைக் கட்டடம் எழுப்பினும், அதன் அடித்தளத்தில் ஓர் இனத்தின் நாவு புதைந்தே கிடக்கும்!